புள்ளலூரில் வெடித்த மருந்தும் வெர்சாய் அரண்மனைக் கணக்கும்



போன பொங்கலுக்கு ஓசூரிலிருந்து பேரன் வந்திருந்தான். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "தாத்தா, எங்க கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கு" என்றான்.

"என்ன ஆர்டர்?"

"பீரங்கிக்கு ஒரு பாகம்."

"எந்த நாட்டுக்குப் போகுது?"

"அது எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க தாத்தா. டெல்லியில பார்த்து அனுமதி கொடுப்பாங்க. வாங்குறவங்ககிட்ட இறுதிப் பயனர் சான்றிதழ்னு ஒண்ணு எழுதி வாங்கிடுவாங்க. அளவு பிசகாம கடைஞ்சு குடுக்கிறதுதான் எங்க வேலை."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் துப்பாக்கி ரவை வரை வெளியில் வாங்கிய நாடு இது. 2024-25-ல் நம் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்திருக்கிறது. ஆனாலும் மனதில் ஏதோ ஒன்று உறுத்தியது. நான் வேலை பார்த்த காலத்தில் சில வருடங்கள் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேசையில் இருந்தன. வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற ஒரு விவசாயி ஒற்றைக்குழல் துப்பாக்கி கேட்டால், தாசில்தார் அறிக்கை வேண்டும், காவல்துறை அறிக்கை வேண்டும். ஆள் எப்படிப்பட்டவன், பக்கத்து நிலத்துக்காரனோடு தகராறு உண்டா, துப்பாக்கியை எங்கே வைப்பான் என்றெல்லாம் எழுதினால்தான் கோப்பு நகரும். தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பீரங்கி விற்கும்போது அந்தக் கோப்பில் என்ன எழுதுவார்கள்?

மறுநாள் காலை பேரனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அவனைப் புள்ளலூருக்கு அழைத்துப் போனேன்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கே புள்ளலூரின் பெருமை அதிகம் தெரியாது. நம் ஊருக்கு வடக்கே, வண்டியில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காரைக்காலுக்கு அருகே காசாக்குடியில் கிடைத்த செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பது அறிஞர்கள் கருத்து. அதே மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலேயப் படை ஒன்றை அழித்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 27-ல் அங்கேயே இன்னொரு போர். அதில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயல்களுக்கு நடுவே இன்றும் நிற்கின்றன.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த கதையில் நாயகன் கடற்படைத் தளபதி சுஃப்ரேன். அவருக்கு 'பாயி' என்று ஒரு பட்டம். புள்ளலூரில் தோற்ற ஆங்கிலக் கர்னலின் பெயர் பெய்லி. இரண்டு பெயரையும் குழப்பி, பிரெஞ்சுத் தளபதியை ஹைதர் சிறைபிடித்தார் என்று ஒரு தேர்வில் எழுதிவிட்டேன். வாத்தியார் வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்தார். அந்த வெட்கத்தில்தான் இந்த வரலாற்றை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தச் சண்டை ஏன் வந்தது என்று பார்ப்போம். அதன் வேர் ஒரு துறைமுகத்தில் இருக்கிறது. மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாஹே என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. ஹைதர் அலிக்குத் துப்பாக்கி, வெடிமருந்து, பிரெஞ்சு ஆட்கள் எல்லாம் வந்து இறங்கிய வழி அது.

பிரெஞ்சுக்காரர்கள் ஹைதருக்கு ஆயுதம் கொடுத்தது நட்புக்காக மட்டும் அல்ல. 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே முதலிய ஊர்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் இந்தியாவில் பெரிய படை வைத்து ஆளும் ஆசை போய்விட்டது. சொந்தப் படை வைப்பது பெருஞ்செலவு. ஆங்கிலேயனின் எதிரி கையில் ஆயுதத்தைக் கொடுத்தால் செலவு குறைவு. கேட்டால், 'நாங்கள் வியாபாரிகள், விற்றோம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

1778-ல் அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தவர்களோடு பிரான்சு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் எதிரொலி உடனே நம் கரையில் கேட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ஹெக்டர் மன்றோ புதுச்சேரியைப் பிடித்தார். 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் மாஹேயையும் எடுத்துக்கொண்டார்கள். ஹைதர், 'மாஹே என் பாதுகாப்பில் உள்ள ஊர், தொடாதே' என்று முன்பே எச்சரித்திருந்தார். ஆங்கிலேயரைக் கேட்டால், 'அது எங்கள் எதிரியின் ஊர், போரில் எடுத்தோம்' என்றார்கள். சட்டப்படி இரண்டு பக்கமும் பேச இடம் உண்டு. ஆனால் ஹைதருக்கு மாஹே போனது என்றால் ஆயுதக் கடையின் கதவு சாத்தப்பட்டது என்று பொருள்.

1780 ஜூலையில் ஹைதர் எண்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட படையோடு கணவாய் இறங்கி ஆர்க்காட்டுச் சீமைக்குள் வந்தார். சென்னையிலிருந்து மன்றோ புறப்பட்டு நம் காஞ்சிபுரத்தில் வந்து தங்கினார். வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி வந்து அவரோடு சேர வேண்டும். சேரவில்லை. வழியில் புள்ளலூரில் பெய்லியின் படையை, சுமார் 3,800 பேரை, ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர் ராக்கெட் பட்டு வெடித்தது என்பார்கள், பீரங்கிக் குண்டு என்பவர்களும் உண்டு. அதோடு ஆட்டம் முடிந்தது. பெய்லி கைதாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போய், 1782-ல் சிறையிலேயே இறந்தார். ஹைதர் பக்கத்தில் லாலி என்ற ஐரோப்பியரின் தலைமையில் ஒரு பிரெஞ்சுப் பிரிவும் அன்று போரிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைப் பெரிய ஓவியமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

மன்றோ சில மைல் தொலைவில் இருந்தும் வந்து சேரவில்லை. செய்தி கேட்டதும் தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். புதுச்சேரியை வென்ற அதே மன்றோ. நான் பிறந்த ஊரைப் பிடித்தவர், வாழ வந்த ஊரில் பீரங்கியைப் போட்டுவிட்டு ஓடினார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வேன்.

வேடிக்கை அத்தோடு சரி. அதற்குப் பிறகு இந்தச் சீமை பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஊர்கள் எரிந்தன, மாடுகள் போயின, ஏரிப் பாசனம் கெட்டது, நெசவாளிகள் தறியை விட்டு ஓடினார்கள். 1782-ல் சென்னையில் பஞ்சம் தாங்காமல் வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம், மக்கள் வாயில் 'கஞ்சித்தொட்டி'. பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அங்கேதான் வளர்ந்தது. மாஹேயில் இறங்கிய மருந்துப் பீப்பாய்க்கும் ராயபுரத்துக் கஞ்சித்தொட்டிக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

இனி விற்றவன் பக்கம் போவோம்.

அமெரிக்கர்களுக்கும் இதே பதினாறாம் லூயி மன்னன்தான் ஆயுதம் கொடுத்தான். கொடுத்த விதம் தெரியுமா? 1776-ல் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானத்தில் இருந்தன. வெளிப்படையாகக் கொடுத்தால் போர் வரும். அதனால் வெளியுறவு அமைச்சர் வெர்ஷேன், பொமார்ஷே என்ற நாடக ஆசிரியரைக் கொண்டு ஒரு பொய் வியாபாரக் கம்பெனி தொடங்க வைத்தார். எங்கள் பள்ளியில் படித்த 'செவில் நகரத்து நாவிதன்' நாடகத்தை எழுதியவர்தான் அவர். பிரெஞ்சு அரசு ரகசியமாக 10 லட்சம் லிவர் கொடுத்தது, ஸ்பெயின் இன்னொரு 10 லட்சம். அந்தக் கம்பெனி, அரசுக் கிடங்கிலிருந்த துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் கப்பலேற்றியது. 1777-ல் சரட்டோகாவில் அமெரிக்கர்கள் வென்றதற்கு அந்த ஆயுதங்களும் ஒரு காரணம். வெல்லக்கூடியவர்கள் என்று தெரிந்த பிறகுதான் பிரான்சு முகமூடியைக் கழற்றி, வெளிப்படையாக உடன்படிக்கை போட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வெர்ஷேனுக்கு அமெரிக்க விடுதலையில் பெரிய அக்கறை கிடையாது. 1763-ல் பட்ட அவமானத்துக்கு ஆங்கிலேயனைப் பழிவாங்க வேண்டும், அவ்வளவுதான். ஹைதருக்குக் கொடுத்ததும் அதே கணக்கில்தான்.

கணக்கு முடிந்தால் என்ன ஆகும்? நம் கடலூரிலேயே அதைப் பார்க்கலாம். 1782-ல் துஷ்மேன் என்ற தளபதி சுமார் மூவாயிரம் பிரெஞ்சுப் படையோடு பரங்கிப்பேட்டையில் இறங்கினார். ஹைதர் அவர்களுக்குச் சோறும் பணமும் கொடுத்தார். கடலூர் கோட்டை கிடைத்தது. ஆனால் ஆங்கிலேயரோடு பெரும் போருக்கு வா என்று ஹைதர் கூப்பிட்டபோது துஷ்மேன் தயங்கினார். பிரான்சிலிருந்து பெரிய தளபதி புஸ்ஸி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. புஸ்ஸி வந்து சேர்ந்தது 1783 மார்ச்சில். அதற்கு முன்பே, 1782 டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே ஹைதர் இறந்துவிட்டார்.

1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடுமையாக மோதினார்கள். சுஃப்ரேன் கடலில் வென்றார். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் தென்னிந்தியாவின் கதையே மாறியிருக்கலாம். அந்த நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு கப்பல் செய்தி கொண்டு வந்தது: ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது! துப்பாக்கிகள் அடங்கின. அப்போது திப்பு மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தார். அவரோடு நின்ற பிரெஞ்சுப் படைக்கும் விலகச் சொல்லி உத்தரவு போனது. நடுவழியில் கைவிட்டார்கள் என்று திப்பு கொதித்தார். 1784 மார்ச் 11-ல் அவர் தனியாகத்தான் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. வெர்சாய் ஒப்பந்தத்தில் புதுச்சேரியும் மாஹேயும் பேசாமல் அவர்கள் கைக்கு வந்துவிட்டன.

என் மாமனார் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டவர். முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிய நெசவாளி எப்படி இருப்பான் என்று அவர் சொல்வார். பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது. தறியும் உழைப்பும் மட்டும் இவனுடையது. இடையில் சண்டை வந்து முதலாளி ஜரிகையை நிறுத்தினால், பாதிப் புடவை தறியில் தொங்கும். அதை அறுத்து விற்கவும் முடியாது, வேறு முதலாளியிடம் போகவும் முடியாது. வெளிநாட்டு ஆயுதம் வாங்கும் அரசனின் நிலை இதுதான். பீரங்கியை ஒருமுறை வாங்கினால் போதாது. குண்டு வேண்டும், மருந்து வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். பாவு நம்முடையது என்றாலும் ஊடை நூல் அவன் கையில்.

அடி வாங்கியும் திப்பு நம்பிக்கையை விடவில்லை. 1787-ல் புதுச்சேரியிலிருந்து மூன்று தூதர்களைக் கப்பலேற்றினார். அவர்கள் 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். வழியெங்கும் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் மன்னன் அவர்களுக்குக் காட்சி கொடுத்தான். திப்பு கேட்டது ராணுவ உடன்படிக்கை, படைகள், ஆயுதம் செய்யத் தெரிந்த கைவினைஞர்கள்.

இப்போது நீங்கள் அந்த அமைச்சரவையில் குறிப்பு எழுதும் குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் என்ன எழுதுவீர்கள்? ஒன்று, அமெரிக்கப் போருக்குக் கடன் வாங்கி வாங்கிக் கஜானா காலி. இரண்டு, இங்கிலாந்தோடு 1786-ல்தான் வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், அதை உடைக்க முடியாது. மூன்று, திப்புவை மட்டும் அணைத்தால் மராட்டியரும் நிஜாமும் விலகிப் போவார்கள். நான்கு, போர் வந்தால் புதுச்சேரியைக் காப்பாற்ற நம்மிடம் படை இல்லை. ஆகவே, 'மரியாதையாக மறுத்துவிடலாம்.'

அப்படியே நடந்தது. தூதர்களுக்கு விருந்து, பீங்கான் பாத்திரங்கள், சில கைவினைஞர்கள் கிடைத்தார்கள். உடன்படிக்கை கிடைக்கவில்லை. அவர்கள் திரும்பி வந்த இரண்டே மாதத்தில் பாரிசில் பாஸ்தில் கோட்டை விழுந்தது. ஒருவனுக்கு அள்ளிக் கொடுத்ததால் வந்த கடன், மற்றவனுக்குக் கைவிரிக்க வைத்தது. கடைசியில் கொடுத்தவனின் கிரீடத்தையும் அதுதான் அசைத்தது.

மறுத்ததையாவது புரிந்துகொள்ளலாம். 1798-ல் நடந்த கூத்தை மன்னிக்க முடியாது. திப்பு ரகசியமாக உதவி கேட்டு மொரிசியசுக்கு ஆள் அனுப்பினார். அங்கே ஆளுநராக இருந்த மலார்த்திக், ஜனவரி 30 அன்று அதைச் சுவரொட்டியாக அச்சடித்து, 'திப்புவுக்காகப் போரிட வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்' என்று ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். சேர்ந்து வந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். அந்த அறிக்கை கல்கத்தாப் பத்திரிகையிலும் வந்தது. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். நூறு பேரைக் கொடுத்து ஒரு நாட்டை இழக்க வைத்த உதவி அது. கொடுப்பதென்றால் பயன்படும் அளவு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாய் மூடி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத உதவி பகையைவிடக் கேடு.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, 1953-ல், இந்தியா பிரான்சிடம் 71 ஊரகான் போர் விமானங்களை வாங்கியது. நம் விமானப்படையில் அதற்குத் 'தூஃபானி' என்று பெயர். அந்த விமானத்தை வெளிநாட்டில் முதலில் வாங்கியது இந்தியாதான். அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. எல்லையில் சுங்கக் கெடுபிடி, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் திண்டாட்டம் என்று அப்பா சொல்வார். ஒரு பக்கம் ஊருக்காகச் சச்சரவு, இன்னொரு பக்கம் விமான வியாபாரம். இந்தியாவுக்குப் பிரிட்டனை மட்டும் நம்பியிருக்க விருப்பமில்லை. பிரான்சுக்குத் தன் விமானத்துக்குச் சந்தை வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி குண்டு வெடிக்காமல் கைமாறியது. வியாபாரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் சண்டையை அளவோடு வைத்துக்கொள்வார்கள் என்பதும் உண்மைதான்.

அதற்குப் பிறகு விற்கும் இடத்தில் நாமே இருந்தபோது பட்ட சங்கடமும் உங்களுக்கு நினைவிருக்கும். இலங்கைப் போரின் கடைசி ஆண்டுகளில் கொழும்பு டெல்லியிடம் ஆயுதம் கேட்டது. கொடுத்தால் தமிழ்நாடு கொதிக்கும். அந்தக் குண்டு யார் வீட்டில் விழும் என்று நமக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் சீனாவும் பாகிஸ்தானும் கொடுக்கும், நம் தெற்கு வாசலில் அவர்கள் வந்து உட்காருவார்கள். தாக்குதல் ஆயுதம் தருவதில்லை, தற்காப்புக்கு மட்டும் உதவுவோம் என்பது டெல்லி எடுத்த நிலை. ராடார் கருவிகள் போயின. ஆனால் ராடார் தற்காப்பா, தாக்குதலுக்குத் துணையா என்று அப்போதே நம் பேருந்து நிலையத்து டீக்கடையில் சண்டை நடந்தது. மற்ற ஆயுதங்கள் சீனாவிடமிருந்தும் பாகிஸ்தானிடமிருந்தும் வந்தன. 2009 மே மாதம் போர் எப்படி முடிந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. கொடுக்காமல் இருந்ததால் கை சுத்தமாகிவிட்டதா? இன்றுவரை எனக்கு அதில் தெளிவான விடை இல்லை.

புள்ளலூர் வயல் வரப்பில் நின்று இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். நாற்று நட்டுக் கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வெயில் ஏறிவிட்டது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த வேலையை விட்டுடணும்னு சொல்றீங்களா தாத்தா?" என்றான்.

"இல்லைப்பா. நீ செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான். நம் நாடு யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிய நெசவாளியாக இருக்கக் கூடாது என்றால், இந்தத் தொழில் நமக்கு வேண்டும். ஆனால் எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்காதே. ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கே நான் மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன். யார் வாங்குகிறான்? யார் மேல் சுடப் போகிறான்? நாளைக்கு நமக்கும் அவன் எதிரிக்கும் சமாதானம் ஆனால் இவன் கதி என்ன? இதை டெல்லிதான் பார்க்க வேண்டும், சரி. ஆனால் ஓட்டுப் போடுகிற நீயும் நானும் கேட்டால்தான் டெல்லி பார்க்கும்."

அவன் பதில் சொல்லவில்லை. நினைவுத் தூணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தான். ஓசூர் போய் ஒரு வாரம் கழித்துப் போன் செய்தான். "தாத்தா, மேலாளரிடம் கேட்டேன். எந்த நாடு என்று சொன்னார்" என்றான். நாட்டின் பெயரையும் சொன்னான். அது இங்கே வேண்டாம். அன்று இரவு நானும் அவனும் தனித்தனியாக உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நாட்டுக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடிக் கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஹைதர் காலத்துக் கலவரம் பற்றிச் சொல்லக் கேட்டிருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம். வணக்கம்.